பெயர்ச்சீட்டு இல்லாத நாற்பது கன்றுகள்

வாய்க்கால் கரையில் நிற்கும் ஆறு கன்றும் வெள்ளைக் கடம்பு. மேட்டுச் சரளையில் நிற்கும் இரண்டும் மஞ்சக்கடம்பு. போன தை மாதம் இவை எல்லாமே எனக்கு வெறும் ‘பெரிய இலைக் கன்று’தான். பூ இல்லை, காய் இல்லை, பட்டை முற்றவில்லை, பையில் ஒட்டிய சீட்டும் இல்லை. இலையையும் இலை ஒட்டியிருக்கும் கணுவையும் வைத்தே பிரித்தேன். எப்படிப் பிரித்தேன், எங்கே வழி தவறியது, என்ன செலவானது என்று எழுதி வைத்தால் இதே மாதிரி சீட்டில்லாத கன்றுகளோடு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவும்.

எங்கள் நிலம் குளித்தலைப் பக்கம். வடக்கே வாய்க்கால், தெற்கே போகப் போக மேடாகிச் சரளையில் முடியும். வடக்குக் கரையில் மரம் வைத்தால் ஆண்டில் பெரும்பகுதி நிழல் வாய்க்கால் பக்கமே விழும், பயிருக்குத் தொந்தரவு குறைவு. ஆனால் அந்தக் கரை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். தேக்கை அங்கே வைத்தால் வேர் அழுகும். மேட்டில் ஈரம் விரும்பும் மரத்தை வைத்தால் சித்திரையில் காய்ந்து நிற்கும். அதனால் எந்தக் கன்று எது என்று தெரியாமல் குழி வெட்டுவதில் அர்த்தமே இல்லை.

நடவுக் காலம் முடிந்து மிச்சமான கன்றுகளை ஒரு நாற்றுப்பண்ணையில் மொத்தமாகக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கன்று 12 ரூபாய். எல்லாம் ஒன்றரை அடியிலிருந்து மூன்றடி உயரம், பையைக் கிழித்து வேர் மண்ணில் இறங்கியிருந்தது. பையில் எழுதிய மை வெயிலில் போய்விட்டது. அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். “பெரிய இலை எல்லாம் தேக்கு தம்பி, சின்ன இலை எல்லாம் மகோகனி, வேங்கை. கலந்துதான் கெடக்கு, பாத்து எடுத்துக்கங்க” என்றார். நாற்பது எடுத்தேன். 480 ரூபாய், வண்டி வாடகை 400.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது எண் போட்டது. குளிர்பானத் தகர டப்பாவை வெட்டி 2 செ.மீ. அகலம், 7 செ.மீ. நீளத்தில் பட்டைகள் எடுத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எண் எழுதினேன். மை அழியும், தகரத்தில் விழுந்த பள்ளம் அழியாது. மெல்லிய கம்பியால் பையின் விளிம்பில் கட்டினேன். தண்டில் கட்டக் கூடாது, கன்று பருக்கும்போது கம்பி உள்ளே இறங்கிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு பக்கம்.

அடுத்து தனியிலை, கூட்டிலை என்று இரண்டு வரிசை. ஒரு காம்பில் ஒரே இலைப்பரப்பு என்றால் தனியிலை, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் என்றால் கூட்டிலை. புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பும் முதல் இடம் இதுதான். கூட்டிலையில் இருக்கும் சிற்றிலையைத் தனி இலை என்று எண்ணிவிடுவோம். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில், காம்புக்கு மேல் பக்கம் ஒரு சின்ன மொட்டு இருக்கும். மொட்டு இருந்தால் அது முழு இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. சந்தேகம் வந்த போதெல்லாம் இந்த மொட்டைத்தான் தேடினேன்.

கூட்டிலை வரிசை சீக்கிரம் முடிந்தது. மலைவேம்பு ஆறு. வேம்பில் ஒரு நடுக்காம்பும் அதன் இரு பக்கமும் சிற்றிலைகளும் இருக்கும், அவ்வளவுதான். மலைவேம்பில் அந்தக் காம்பே மறுபடி கிளைத்து, கிளையில் சிற்றிலை வரும். மகோகனி ஒன்பது. சிற்றிலைகள் இணை இணையாக நின்று, நுனியில் ஒற்றைச் சிற்றிலை இல்லாமல் முடியும். ஒவ்வொரு சிற்றிலையும் அடியில் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, மகோகனி நாற்றின் கீழ்ப்பக்க இலைகள் தனியிலையாகவே வரும். ஒரு கன்றில் அடியில் இரண்டு மூன்று தனியிலை, மேலே கூட்டிலை. கீழிலையை மட்டும் பார்த்திருந்தால் வேறு வரிசையில் போயிருக்கும். எப்போதும் கன்றின் மேல் பாதியைப் பார்க்க வேண்டும்.

வேங்கை மூன்று. சிற்றிலைகள் ஐந்தோ ஏழோ இருக்கும், நேருக்கு நேர் நிற்காமல் ஒன்று மாற்றி ஒன்று நிற்கும், நுனி லேசாகக் குழிந்திருக்கும். இன்னும் இரண்டு பையில் ‘செ’ என்ற எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. செண்பகமா, செங்கடம்பா, செம்மரமா? இலையில் மூன்று சிற்றிலை. செண்பகமும் செங்கடம்பும் தனியிலை மரங்கள், அந்த இரண்டும் அப்போதே விலகின. செம்மரம் என்று விற்கப்படும் ஆனைக்குன்றிமணியாக இருக்குமோ என்றும் பார்த்தேன். அதன் இலை இரண்டு தடவை பிரிந்து ஏகப்பட்ட சிற்றிலையோடு இருக்கும். அதுவும் இல்லை. செம்மரமேதான்.

தனியிலை வரிசையில் இருபது. அதில் ஐந்து சுலபம். நீளவாக்கில் நீண்ட இலை, ஏறக்குறைய எதிரெதிராக ஆனால் சரியாக நேர்கோட்டில் இல்லாமல், இலைப்பரப்பு காம்பைத் தொடும் இடத்தில் அடிப்பக்கம் ஒன்றோ இரண்டோ சின்னப் புடைப்பு. விரலால் தடவினாலே தெரியும். நீர்மருது. காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய மரம், ஆற்றோரம் நிற்கும் பெரிய மரத்தின் தாழ்ந்த கிளையில் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டேன்.

மிச்சம் பதினைந்து. பெரிய இலை, எதிரெதிர் இலை, தனியிலை. அக்கா சொன்னபடி பார்த்தால் பதினைந்தும் தேக்கு.

இங்கேதான் நாள் போனது. முதலில் இலையின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு கன்றிலும் மூன்று இலையை அளந்தேன், நீளம், அகலம், காம்பு. பதிமூன்றாம் எண்ணில் ஓர் இலை 34 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். அதே கன்றில் இரண்டு கணு கீழே இருந்த இலை 21 செ.மீ. தான். நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த கன்று வெளிச்சத்துக்காக இலையை அகலப்படுத்தும், மெலிதாக்கும். வெயிலுக்கு வந்ததும் அடுத்த இலை சின்னதாகத் தடித்து வரும். ஆக, ஒரே கன்றில் இரண்டு கன்றின் அளவு இருக்கிறது. இந்த அளவெல்லாம் பிரிப்பதற்குப் பயன்படவில்லை. காம்பின் நீளம் மட்டும் பின்னால் உதவியது. கைப்பேசிச் செயலி ஒன்றிலும் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரே கன்றை வேறு வேறு பக்கத்திலிருந்து காட்டினால் வேறு வேறு பெயர் சொன்னது. அது முற்றிய மரங்களின் படத்தைத்தான் அதிகம் பார்த்துப் பழகியிருக்கும். ஒன்றரை அடிக் கன்றுக்கு அதை நம்பிப் பயனில்லை.

சரி, உருவத்தை விட்டுவிட்டுச் சோதனைக்கு வந்தேன். தேக்கை உறுதி செய்ய வழக்கமாக எல்லோரும் செய்வது, இளந்தளிரைக் கிள்ளி விரலில் கசக்குவது. தேக்காக இருந்தால் விரல் சிவக்கும். முற்றிய இலையில் இது சரியாக வராது, நுனித் தளிரில்தான் வரும். தண்டையும் உருட்டிப் பார்க்கலாம், இளந்தண்டு நாலு பட்டையாக இருக்கும். இலையின் மேல்பக்கம் சொரசொரப்பு. பதினைந்தில் நான்குக்குத்தான் விரல் சிவந்தது. அந்த நான்கும் தேக்கு.

அடுத்து குமிழ். இதயவடிவ இலை, அடிப்பக்கம் வெளுப்பு. காம்பு சேரும் இடத்தை ஒட்டி இலையின் அடியில் சுரப்பிகள் இருக்கும், கைலென்ஸில் பளபளவென்று தெரியும். கன்றுப் பருவத்தில் குமிழின் இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும், மரமானதும் அது போய்விடும். இரண்டு கன்றில் இந்த இரண்டு அடையாளமும் இருந்தது. மிச்சம் ஒன்பது.

ஒன்பதிலும் விரல் சிவக்கவில்லை, சுரப்பி இல்லை. காம்பை ஒடித்தால் பால் வரவில்லை. கசக்கினால் தனியாகச் சொல்லும்படி வாசனை இல்லை. ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத இலையைக் கசக்கி முகரலாம், நாக்கில் வைக்கக் கூடாது. அரளியும் ஒடுவந்தழையும் நம் ஊரில் உயிரைக் குடித்த இலைகள். பால் வரும் செடியாக இருந்தால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கையைக் கழுவ வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இந்த வேலையையே தள்ளி வைக்கலாம்.

வழி கிடைத்தது கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் ஓர் அம்மாவிடம். தினசரித் தாளுக்குள் வைத்து அழுத்தி, நன்றாகக் காய்ந்த ஐந்து இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இலை மட்டும் இருக்கே சார், நுனி எங்கே?” என்றார். எனக்குப் புரியவில்லை. வாசலில் இருந்த இட்லிப்பூச் செடிக்குக் கூட்டிப்போய், ஒரு கிளையை வளைத்து, எதிரெதிராக நின்ற இரண்டு காம்புக்கும் நடுவே தண்டின் மேல் கை வைத்துக் காட்டினார். அங்கே முக்கோணமாக, நுனியில் கூர்மையோடு ஒரு சின்னச் செதில். கிளையைத் திருப்பினால் மறுபக்கமும் அதே மாதிரி ஒன்று. “இதுதான் இலையடிச் செதில். காம்புக்கு அடியில் வராமல் இரண்டு காம்புக்கும் இடையில் வரும். எதிரெதிர் தனியிலை, நடுவில் இந்தச் செதில், விளிம்பில் பல் இல்லை என்றால் காபிக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.”

இந்த ஒரு பார்வைக்கு அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. வீட்டுக்கு வந்து லென்ஸோடு உட்கார்ந்தேன். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், 220 ரூபாய். அதைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு செடியைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், செடிக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்து எட்டி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிச் சாய்வு வெயில் இதற்கு நல்ல வெளிச்சம்.

ஒன்பதில் எட்டுக் கன்றில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு காம்பையும் இணைத்துக்கொண்டு ஒரு மெல்லிய கோடு ஓடியது. செதில் விழுந்த தழும்பு. செதிலைத்தான் எங்கேயும் காணவில்லை. தேக்கிலும் குமிழிலும் மறுபடி போய்ப் பார்த்தேன், அவற்றுக்குச் செதிலே கிடையாது. அப்போதே அந்த எட்டும் தேக்குக்கு உறவே இல்லாத வேறு குடும்பம் என்பது தெளிவாகிவிட்டது. காபிக் குடும்பத்தில் இவ்வளவு பெரிய இலையோடு நம் பக்கத்து நாற்றுப்பண்ணையில் கிடைக்கக்கூடியவை கொஞ்சம்தான். வெள்ளைக் கடம்பு, மஞ்சக்கடம்பு, நீர்க்கடம்பு, நுணா. செங்கடம்பையும் கடம்பு என்றே சிலர் விற்பார்கள். ஆனால் அது வேறு குடும்பம், இலை எதிரெதிராக இல்லாமல் ஒன்று மாற்றி ஒன்று நிற்கும், கிளை நுனியில் கொத்தாகக் கூடும், விளிம்பில் நுண்ணிய பல் இருக்கும். எதிரிலையைப் பார்த்ததுமே அதை ஒதுக்கிவிடலாம். நுணாவுக்கு வேரைக் கீறிப் பார்த்தால் மஞ்சள் தெரியும். பையைக் கிழித்து வெளியே வந்திருந்த வேரில் நகத்தால் சுரண்டினேன், மஞ்சள் இல்லை.

மூன்று கடம்பில் எது என்று சொல்ல செதில் வேண்டும். செதில் விழுந்துவிட்டது. அப்படியென்றால் விழுவதற்கு முன் பிடிக்க வேண்டும்.

எட்டுக் கன்றையும் நிழல்வலையிலிருந்து எடுத்து அரைநாள் வெயில் விழும் இடத்துக்கு மாற்றினேன். வெளியே வந்திருந்த வேரைச் சுத்தமாக நறுக்கிவிட்டு, 8 அங்குல அகலம், 12 அங்குல உயரப் பையில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய சாணம் போட்டு மாற்றி வைத்தேன். தளிர் விடும் நுனியில் சிவப்பு நூல் கட்டினேன், எந்த நுனியைப் பார்த்தோம் என்று மறுநாள் தேடக் கூடாது. பங்குனிக் கடைசியில் தளிர் வந்தது.

இனி நான் பார்த்ததைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவு இதில்தான் இருக்கிறது. பதிமூன்றாம் எண்ணின் நுனியில் பச்சையாக ஒரு கூம்பு நின்றது, அடியில் பருத்து நுனியில் கூர்த்து, ஒன்றரை செ.மீ. நீளத்தில். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பருமன். ஊசி முனையால் மெதுவாக நீக்கினால், ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்த இரண்டு செதில் பிரிந்தது. நீளமான, ஈட்டிமுனை வடிவச் செதில். உள்ளே அடுத்த இலை இணை மடிந்து கிடந்தது. அந்த இலைகள் விரிந்து விரல் நீளம் வருவதற்குள் செதில் இரண்டும் பழுத்து விழுந்தன. கோடு மட்டும் மிஞ்சியது. ஆறு கன்றில் இதேதான்.

இருபத்தொன்றாம் எண்ணிலும் முப்பதாம் எண்ணிலும் நுனி வேறு மாதிரி. கும்பிட்ட கை மாதிரி இரண்டு செதில் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தட்டையாக நின்றது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அகலம், திருப்பிப் பார்த்தால் மெல்லிய கோடு. செதில் வட்டமாக இருந்தது, நடுவில் முதுகெலும்பாக ஒரு வரம்பு ஓடியது. இலை விரிந்த பின்னும் செதில் அவ்வளவு சீக்கிரம் விழவில்லை.

கூம்பு மொட்டு வெள்ளைக் கடம்புக்கு. தட்டை மொட்டு மஞ்சக்கடம்புக்கும் நீர்க்கடம்புக்கும் பொது. அந்த இரண்டையும் பிரிக்கத்தான் பழைய அளவு நோட்டு கை கொடுத்தது. 21, 30 இரண்டிலும் காம்பு 7 செ.மீ., இலை கிட்டத்தட்ட வட்டம், அடியில் ஆழமாக இதயவடிவக் குழிவு, நுனியில் திடீரென்று ஒரு கூர், தொட்டால் மெல்லிய மயிர். பக்கத்து ஊர் ஏரிக்கரையில் நீர்க்கடம்பு மரம் ஒன்று உண்டு. அங்கே போய் அளந்தால் காம்பு இரண்டு செ.மீ. கூட இல்லை, இலை சின்னது, அடியில் ஆழமான குழிவு இல்லை. ஆக, இவை மஞ்சக்கடம்பு. இரண்டு மரத்தின் நுனி மொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது பெரிய வசதி, தட்டை என்பது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது.

வெள்ளைக் கடம்பையும் வளர்ந்த மரத்தில் பார்க்க ஆசைப்பட்டேன். குளித்தலைக்காரர்களுக்குக் கடம்பு சாமிமரம். ஊர்க் கோயில் கடம்பவனநாதர், தலமரம் கடம்பு, தேவாரம் இந்தத் தலத்தைக் கடம்பந்துறை என்றே பாடுகிறது. ஆனால் தலமரத்தில் கிளை வளைத்து லென்ஸ் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. வேறொரு வளாகத்தில் நிழலுக்கு வைத்த மரத்தை ஆடியில் போய்ப் பார்த்தேன். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உருண்டைப் பூக்கள் மேலே நிறைந்து, கீழே உதிர்ந்தும் கிடந்தன. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்புறம் இலையை அளந்தேன், 17 செ.மீ. என் கன்றின் இலையில் பாதி! பூவைப் பார்க்காமல் இலையை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது வேறு, அது வேறு என்று திரும்பி வந்திருப்பேன். தாழ்ந்த கிளையின் நுனியைப் பார்த்தால் அதே பச்சைக் கூம்பு, அதே ஈட்டிமுனைச் செதில், அடுத்த கணுவில் அதே கோடு. கன்றுக்கும் மரத்துக்கும் இலையளவு மாறும். நுனி மொட்டும் கணுவும் மாறவில்லை. நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்குத்தான்: அறியாத கன்றின் படத்தை யாருக்காவது அனுப்பினால் விரிந்த இலையை விட நுனி மொட்டையும் ஒரு கணுவையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் ஒன்று, அதை அப்படியே கால் வட்டம் திருப்பி ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல்.

அந்த அம்மாவுக்கு இந்த முறை முறையாக மாதிரி கொடுத்தேன். மூன்று கணுவாவது வருமாறு நுனியோடு ஓர் அடிக்குள் வெட்டி, இலைகளில் ஒன்று மேல்பக்கமும் ஒன்று அடிப்பக்கமும் தெரிய விரித்து, தினசரித் தாளுக்குள் வைத்து, இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவே செங்கல் ஏற்றி வைத்தேன். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்ட ஒரு மடிப்பில் இலை கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பெரிய இலை தாளுக்குள் அடங்காவிட்டால் வெட்டக் கூடாது, மடிக்க வேண்டும். கூடவே சீட்டில் எழுதியவை: எங்கே, எப்போது, செடி உயரம், பால் உண்டா, வாசனை உண்டா, காய்வதற்கு முன் என்ன நிறம். காய்ந்த பிறகு இவை எதையும் செடியிடமிருந்து கேட்டு வாங்க முடியாது. பார்த்துவிட்டு இரண்டு பெயரையும் உறுதி செய்தார். வெள்ளைக் கடம்பைப் பழைய புத்தகங்களில் ஆந்தோசெபாலஸ் என்று தேட வேண்டும், இப்போதைய பெயர் நியோலமார்க்கியா கடம்பா என்று எழுதிக் கொடுத்தார். மஞ்சக்கடம்பு ஹால்டினா கார்டிஃபோலியா.

நடவு புரட்டாசியில். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். வாய்க்கால் கரையில் ஆறு வெள்ளைக் கடம்பும் ஐந்து நீர்மருதும், 12 அடி இடைவெளியில். தேக்கு நான்கும் குமிழ் இரண்டும் நடுமேட்டில், தண்ணீர் நிற்காத இடத்தில். சரளையில் மஞ்சக்கடம்பும் வேங்கையும் செம்மரமும். மலைவேம்பு, மகோகனி கிழக்கு வேலியோரம். வடகிழக்கு மழையில் கரை ஊறிக் கிடந்தபோது அங்கே நின்றவை எதுவும் வாடவில்லை. கடம்பு இரண்டு இணை புதுத் தளிர் விட்டிருக்கிறது, இலைக்குத்தான் புழு வந்துவிட்டது. கையால் பொறுக்கிப் போடுகிறேன். ஆறு கன்றுக்கு மருந்து தேவையில்லை.

மொத்தச் செலவு, கன்று 480, வண்டி 400, லென்ஸ் 220, கம்பி 60, பேனாவும் நோட்டும் 75, பெரிய பை 90. பிளைவுட் துண்டு தச்சர் பட்டறையில் சும்மா கொடுத்தார்கள். 1,325 ரூபாய்க்கு நாற்பது கன்று என்றால், பெயர் தெரிந்த கன்றாக வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே விலைதான். லென்ஸ் மட்டும் மிச்சம்.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். நாற்றுப்பண்ணையிலேயே ஒவ்வொரு வரிசையையும் படம் எடுத்துக்கொண்டு, எந்த வரிசையிலிருந்து எத்தனை எடுத்தோம் என்று பையில் குறிப்பேன். ஒரே வரிசையில் நிற்பவை பெரும்பாலும் ஒரே விதைப்பில் வந்தவை, ஒன்றைக் கண்டுபிடித்தால் பத்துக்கும் விடை. விதை எங்கே பொறுக்கினீர்கள், தாய்மரம் எங்கே நிற்கிறது என்று கேட்பேன், அந்த மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நுனி ஒடிந்த கன்றைத் தொட மாட்டேன். தை மாதம் வாங்காமல் தளிர் விடும் காலத்தில் வாங்குவேன், செதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்பதில் எட்டு என்று மேலே எழுதியிருந்தேன். ஒன்பதாவது, முப்பத்தேழாம் எண், இன்னும் குழாயடியில் பையிலேயே நிற்கிறது. எதிரிலை, விளிம்பு நேர், செதில் இல்லை, தழும்பும் இல்லை, பால் இல்லை, விரல் சிவக்கவில்லை, சுரப்பி இல்லை. கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, உலர்மாதிரித் தொகுப்பும் அங்கே உண்டு. புதுத் தளிர் வந்ததும் நுனியோடு இரண்டு மாதிரி அழுத்தி எடுத்துக்கொண்டு அங்கே போகலாம் என்றிருக்கிறேன். அதற்குள் இந்த அடையாளங்களைப் பார்த்து யாருக்காவது ஒரு பெயர் தோன்றினால் சொல்லுங்கள், அந்தப் பெயரை வைத்துத் தேடிப் பார்க்கிறேன்.